மே மாதக் கல்யாணம், மதுரை வெயில்: எந்த கேக் சொல்லலாம்?

நரிமேட்டுக்காரி

எல்லோருக்கும் வணக்கம். தங்கைக்கு மே இரண்டாவது வாரம் கல்யாணம். மாலை 4 மணிக்கு ஆலயத்தில் ஆராதனை, 6.30க்கு பைபாஸ் ரோடு பக்கம் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. ஏறக்குறைய 600 பேர் வருவார்கள். பிரியாணி மாஸ்டர், பூ, மேடை, போட்டோ எல்லாம் பேசியாகிவிட்டது. கேக் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது.

தங்கை போனில் ஒரு படம் வைத்திருக்கிறாள். ஐந்து அடுக்கு, தூய வெள்ளை, ஒரு பக்கம் மேலிருந்து கீழே ரோஜாப்பூ இறங்கி வருகிறது. அதேதான் வேண்டும் என்கிறாள். மாப்பிள்ளை வீட்டில் ஒரு பகுதி உறவினர்கள் முட்டை சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் அம்மாச்சிக்கு 84 வயது. பிளம் கேக் இல்லாவிட்டால் அது கல்யாண கேக்கே இல்லை, கிரீம் பூசினது பிறந்தநாளுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

மூன்று இடத்தில் விசாரித்தேன். ஒருவர் கிலோ 800 என்றார், ஒருவர் 1,400, ஒருவர் 2,000. எதில் என்ன வித்தியாசம் என்று கேட்டால் "நம்ம குவாலிட்டி வேற மேடம்" என்பதுதான் மூன்று பேரின் பதிலும். என்ன கேட்க வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை

தங்கச்சி, முதலில் ஒன்று கேட்கிறேன். மண்டபத்தில் ஏசியை எத்தனை மணிக்குப் போடுவார்கள்?

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் அக்கா மகள் கல்யாணம், இதே கத்திரி வெயில் நேரம். நான்கு அடுக்கு, பட்டர் கிரீம். பேக்கரி ஆட்கள் மதியம் 2 மணிக்கே கொண்டுவந்து மேடை ஓரம் அடுக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஏசி போட்டது 6 மணிக்கு. நான் 4 மணிக்குப் பார்த்தபோது மேலடுக்கில் இருந்த கிரீம் ரோஜா ஒன்று ஒரு விரல்கடை கீழே நகர்ந்திருந்தது. நம் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். 5 மணிக்கு அது இரண்டாவது அடுக்கின் விளிம்பில் இருந்தது. ஓரத்தில் பளபளவென்று எண்ணெய் கசிந்து, வைத்திருந்த பலகையின் வெள்ளைத் துணி மஞ்சளாகிவிட்டது. ஆறரைக்கு மூன்றாவது அடுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பொண்ணும் மாப்பிள்ளையும் சாயாத பக்கமாக நின்று வெட்டினார்கள். ஆல்பத்தில் கேக் பாதிதான் தெரியும்.

பேக்கரியில் கேட்டால் மண்டபத்தின் தப்பு என்றார்கள், மண்டபத்தில் கேட்டால் பேக்கரியின் தப்பு. அக்கா மகள் அன்றைக்கு யாரையும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் மனசில் கிடக்கிறது. அதனால் சொல்கிறேன், படத்தைப் பார்க்கும் முன் நேரத்தைப் பாருங்கள்.

உசிலம்பட்டித் தம்பி

கேக் எல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்தானே அக்கா. அந்தக் காசுக்கு இன்னொரு இனிப்பு போடலாம். 600 பேரும் வயிறார சாப்பிடுவார்கள்.

பழைய பேக்கரி மாஸ்டர்

தம்பி சொல்வதில் ஒரு பாதி சரி. வழக்கம் அங்கிருந்து வந்ததுதான். விக்டோரியா ராணிக்கு 1840 பிப்ரவரியில் கல்யாணம் நடந்தபோது வெட்டிய கேக் 300 பவுண்டு, நம் கணக்கில் 136 கிலோ. அந்தக் காலத்தில் நன்றாக வெளுத்த சீனி விலை கூடுதல், வெள்ளைப் பூச்சுதான் வசதியின் அடையாளம். ஆனால் மதுரையில் தலைமுறை தலைமுறையாக கேக் வெட்டி, ஜெபம் பண்ணி, பெரியவர்களுக்கு முதல் துண்டு ஊட்டுகிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு அது எங்கிருந்தோ வந்தது இல்லை, வீட்டு வழக்கம். பாட்டி பிளம் கேக் கேட்பதும் அதனால்தான்.

நான் 31 வருடம் ஓவன் முன்னால் நின்றவன். இப்போது ஓய்வு. அம்மா, உங்கள் மூன்று விலைக்கும் காரணத்தைச் சொல்கிறேன்.

கேக்கின் மேல் பூசுவது என்ன என்று கேளுங்கள். நான்கு வகைதான். ஒன்று, விப்பிங் கிரீம். பெரும்பாலான கடைகளில் இது பால் கிரீம் இல்லை, தாவரக் கொழுப்பில் செய்தது. பிரிட்ஜில் இருக்கும்வரை அழகாக நிற்கும், வெளியே எடுத்தால் வியர்க்க ஆரம்பிக்கும். அடுக்கு கேக்குக்கு இது ஆகாது, மே மாதத்தில் சத்தியமாக ஆகாது. இரண்டு, பட்டர் கிரீம். வெண்ணெய் 32, 35 டிகிரிக்குள் உருகிவிடும். மே மாத மதியம் மதுரையில் வெளியே 38, 40. வைகைக்கரை அம்மா பார்த்த எண்ணெய் அதுதான். அது உருகக் கூடாது என்று சிலர் வெண்ணெயைக் குறைத்து வனஸ்பதி சேர்ப்பார்கள். நிற்கும், ஆனால் வாயில் போட்டால் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும். ருசி பார்க்கக் கொடுக்கும்போது நாக்கை மேலே தடவிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

மூன்றாவது ஃபாண்டன்ட். சீனி மாவைப் பிசைந்து சப்பாத்தி மாதிரி தேய்த்துப் போர்த்துவது. உங்கள் தங்கை காட்டுகிற வழவழப்பான படம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். வெயிலை ஓரளவு தாங்கும், ஈரத்தைத் தாங்காது. பிரிட்ஜில் வைத்துத் திடீரென்று எடுத்தால் மேலே தண்ணீர் கோத்துப் பிசுபிசுக்கும், கலர் இருந்தால் வழியும்.

நான்காவது ராயல் ஐசிங். முட்டை வெள்ளைக்கருவும் பொடித்த சீனியும். காய்ந்தால் சுவர் மாதிரி நிற்கும். நம் மதுரைக்கு இதுதான் பொருத்தம், ஏனென்றால் கடலோர ஊர்கள் அளவுக்கு இங்கே ஈரக்காற்று இல்லை, நன்றாகக் காயும். காய்ந்தபின் கத்தி வைத்தால் ஓடு மாதிரி உடையும் என்று பலர் பயப்படுவார்கள். பிசையும்போது கொஞ்சம் கிளிசரின் விட்டால் கத்தி சுத்தமாக இறங்கும். உங்கள் பேக்கரிக்காரரிடம் "கிளிசரின் விடுவீங்களா" என்று கேளுங்கள். யோசிக்காமல் பதில் சொன்னால் அவர் செய்தவர் என்று அர்த்தம்.

ராயல் ஐசிங் பிளம் கேக்குக்குத்தான் நன்றாகச் சேரும். முதலில் கேக்கின் மேல் மார்சிபான் ஒரு போர்வை, அதாவது பருப்பை அரைத்துச் சீனியோடு பிசைந்தது. வெளிநாட்டில் பாதாமில் செய்வார்கள், நம் பக்கம் முந்திரியில். அது இல்லாவிட்டால் பிளம் கேக்கின் பழுப்பு ஊறிவந்து வெள்ளையில் கறையாகத் தெரியும். மார்சிபான் ஒரு நாள் காய வேண்டும், அப்புறம் ஐசிங் ஒரு பூச்சு, மறுநாள் இன்னொரு பூச்சு. அவசரப்பட்டால் வராது. பாட்டி கேட்டதும் தங்கை கேட்டதும் இதில் ஒன்றாகவே வந்துவிடும், அம்மா. வெளியே வெள்ளை, உள்ளே பிளம்.

நரிமேட்டுக்காரி

மாஸ்டர் ஐயா, இவ்வளவு பொறுமையாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். பிளம் கேக் என்றால் ரம் ஊற்றுவார்களே? எங்கள் சபையில் அது சரிவராது. அப்பாவும் சம்மதிக்க மாட்டார்.

பழைய பேக்கரி மாஸ்டர்

ரம் கட்டாயம் இல்லை. நான் செய்ததில் பாதிக்கு மேல் ரம் இல்லாததுதான். கிஸ்மிஸ், கருப்பு திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல், முந்திரி எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, கருப்பு திராட்சைச் சாற்றில் ஒரு கொதி விட்டு ஆறவைத்து, பிரிட்ஜில் மூன்று நாள் ஊறவிட்டால் போதும். என்ன, ரம் போட்டது மாதக்கணக்கில் இருக்கும், இது இருக்காது. அதனால் இரண்டு மாதம் முன்பே சுட்டு வைக்கச் சொல்லாதீர்கள். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு சுட்டால் சரி.

நிறம் எப்படி வருகிறது என்றும் பாருங்கள். சீனியைத் தண்ணீர் இல்லாமல் இரும்புச் சட்டியில் போட்டுக் கருக்க வேண்டும். பொன்னிறம் தாண்டி, செம்பழுப்பு தாண்டி, நுரை பொங்கி, புகை கிளம்பி, கண்ணை எரிக்கும். இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் கசந்துவிடும். அந்த நொடியில் வெந்நீர் ஊற்ற வேண்டும், சடசடவென்று தெறிக்கும். என் வலது மணிக்கட்டில் அந்தத் தழும்பு இருக்கிறது. அந்தப் பாகுதான் பிளம் கேக்கின் நிறமும் மணமும். இப்போது சிலர் கோகோ பவுடரையோ கலரையோ போட்டு நிறம் காட்டுகிறார்கள். வெட்டிய துண்டைப் பிட்டு மோந்து பாருங்கள். கருக்கிய சீனியின் லேசான கசப்பு மணம் வர வேண்டும்.

கே.கே.நகர் அடுப்படி

நான் வீட்டில் கேக் செய்து கொடுக்கிறேன். ஐந்து வருடமாகிறது. மாஸ்டர் சொன்னதோடு நான் மாறுபடுவது ஒரே இடத்தில்தான். ஃபாண்டன்ட் வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. தங்கைக்கு அந்த வழவழப்புதான் ஆசை என்றால் ராயல் ஐசிங்கில் அது அப்படியே வராது, கொஞ்சம் பழைய காலத்துத் தோற்றம் வரும். கல்யாணப் பெண்ணின் ஆசையும் ஒரு கணக்குத்தானே. ஏசி ஹாலில், கடைசி நேரத்தில் கொண்டுவந்து வைத்தால் ஃபாண்டன்ட் நன்றாகவே நிற்கும். நான் சித்திரையிலும் செய்திருக்கிறேன். பிரிட்ஜில் வைக்காமல், ஏசி அறையில் பெட்டியை மூடியே வைப்பேன்.

ஆனால் அக்கா, முட்டை சாப்பிடாத உறவினர்களுக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முட்டையில்லாத கேக் என்று வாங்கி அதன்மேல் ஃபாண்டன்ட் போர்த்தினால், பல ஃபாண்டன்ட்களில் ஜெலட்டின் இருக்கும். ஜெலட்டின் மாட்டு எலும்பு, தோலிலிருந்து, சில சமயம் பன்றியிலிருந்தும் எடுப்பது. ராயல் ஐசிங்கிலோ நேரடியாக முட்டை. வாங்கும் பாக்கெட்டில் சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். என் வீட்டில் நான் ஜெலட்டினுக்குப் பதில், கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகர்அகர் சேர்த்துப் பிசைகிறேன். நம்பிச் சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாமல் கொடுப்பது பெரிய தப்பு. எனக்கு ஒரு வாடிக்கையாளர் கேட்ட பிறகுதான் இது உறைத்தது. அதற்கு முன் கொடுத்ததை நினைத்தால் இன்றும் கஷ்டமாக இருக்கிறது.

வீட்டில் செய்பவர்களானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். கேளுங்கள், தயங்காதீர்கள். நான் பெட்டி மேலேயே ஒட்டிவிடுவேன்.

சமயநல்லூர்

மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பேர் முட்டை சாப்பிடாதவர்கள்? 50, 60 பேர் என்றால் முட்டையில்லாத கேக் இரண்டு கிலோ தனியாகச் சொல்லி, தனிக் கத்தி, தனித் தட்டு, தனிப் பெட்டி. ஒரே கேக்கில் ஒரு அடுக்கு மட்டும் முட்டையில்லாதது என்று செய்தால் வெட்டும்போது கலந்துவிடும். எங்கள் வீட்டில் கலந்தது.

வைகைக்கரை

600 பேருக்கும் கேக் கொடுக்கப் போகிறீர்களா? ஆளுக்கு 40 கிராம் வைத்தாலே 24 கிலோ. அதெல்லாம் அலங்கார கேக்காகவே இருந்தால் பட்ஜெட் எங்கேயோ போய்விடும்.

கே.கே.நகர் அடுப்படி

அதற்குத்தான் டம்மி. ஐந்து அடுக்கில் கீழ் இரண்டு நிஜம், மேல் மூன்று தெர்மாகோல். போட்டோவில் யாருக்கும் தெரியாது. மேலே பாரம் இல்லாததால் சாயவும் சாயாது. விருந்தினர்களுக்கு, தட்டில் சுட்ட சாதா பிளம் கேக்கைத் துண்டு போட்டு, பட்டர் பேப்பரில் சுற்றி, சின்னப் பெட்டியில் கொடுத்துவிடலாம். அதற்கு ஐசிங் கூலி கிடையாது.

நரிமேட்டுக்காரி

டம்மி என்றதும் தங்கைக்கு முகம் வாடிவிட்டது. "பொய் கேக்கை வெச்சு ஜெபம் பண்ணுவீங்களா" என்று கேட்கிறாள். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது.

பழைய பேக்கரி மாஸ்டர்

அப்படியானால் அடுக்கைக் குறையுங்கள் அம்மா. மூன்று போதும். அடியில் 12 அங்குலம், நடுவில் 9, மேலே 6. மூன்றும் நிஜம். பார்க்க எடுப்பாக வேண்டும் என்றால் வைக்கிற பலகையை உயர்த்திக்கொள்ளலாம். பிளம் கேக் கனம், அதனால் ஒவ்வொரு அடுக்குக்கும் அடியில் தனி அட்டையும், கீழ் அடுக்குக்குள் நாலைந்து முட்டுக்குச்சியும் கட்டாயம். குச்சி வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரண்டு மணி நேரத்தில் அடி கேக் அமுங்கி ஐசிங் வெடிக்கும்.

மூன்றையும் மூன்று பெட்டியில் தனித்தனியாக ஏற்றி, மண்டபத்தில்தான் அடுக்க வேண்டும். காரில் சீட் மேல் வைக்காதீர்கள், சீட் சாய்வானது. முன் சீட்டுக்குக் கீழே கால் வைக்கிற இடம்தான் சமமாக இருக்கும். ஏசியும் அங்கே நன்றாக வரும். நம் ஊர் வேகத்தடைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

மாட்டுத்தாவணி பூக்கடை

ரோஜா இறங்கி வருகிற மாதிரி என்றீர்களே, அது நிஜப் பூவா?

சந்தைக்கு வரும் பூ சாப்பிடுவதற்காக வளர்த்தது இல்லை, அக்கா. மருந்து அடித்துத்தான் வரும். அலங்காரம் செய்பவர்கள் கடைசி நேரத்தில் எங்களிடம் வாங்கி அப்படியே கேக்கில் குத்திவிடுகிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். கம்பியோடு குத்துவார்கள். முக்கியமாக அரளி. பூமாலையில் நிறத்துக்காகச் சேர்ப்பது வழக்கம், ஆனால் இலை, பூ, காம்பு, பால் எல்லாமே விஷம். கேக் பக்கத்தில்கூட வைக்க விடாதீர்கள். வெள்ளை அரளியைப் பார்த்துவிட்டு அழகாக இருக்கிறது என்று ஒருவர் கேக் மேல் வைக்கக் கேட்டார். நான் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பூ வேண்டும் என்றால் கேக்கைத் தொடாமல் பலகையைச் சுற்றி மல்லிகை வையுங்கள். காலையில் பறித்த மொட்டு ராத்திரி 7 மணிக்கு மெல்ல விரியும். உங்கள் வரவேற்பு நேரத்துக்கு மண்டபமே மணக்கும். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013இல். நம் ஊர்க் கல்யாணத்தில் ரோஜாவை விட அதுதானே அழகு.

நரிமேட்டுக்காரி

அண்ணே, அரளி விஷயம் எனக்குத் தெரியாது. மேடை அலங்காரம் செய்பவரிடம் இப்போதே போன் செய்து சொல்லிவிட்டேன். மல்லிகை யோசனையைக் கேட்டதும் தங்கை உடனே சரி என்றாள். ரோஜா வேண்டாம், சீனியில் மல்லிகை மொட்டு செய்ய முடியுமா என்று கேட்கிறாள்.

கே.கே.நகர் அடுப்படி

தாராளமாக முடியும். கம் பேஸ்ட்டில் செய்வார்கள், அது காய்ந்தால் கெட்டியாகும் சீனி மாவு. மொட்டு என்பதால் ரோஜாவை விடச் சுலபம், இதழ் பிரிக்க வேண்டியதில்லை. காம்பில் லேசாகப் பச்சை தொட்டால் அசலாகவே இருக்கும். ஒரு மாதம் முன்பே செய்து டப்பாவில் வைத்துவிடலாம், கெடாது.

பில் வாங்குங்கள் அக்கா. கேக்குக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பழைய கணக்கிலேயே விலை சொல்பவர்கள் இருக்கலாம்.

சமயநல்லூர்

தேதியைச் சரிபார்த்தீர்களா? சித்திரைத் திருவிழா சமயம் என்றால் கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கம் வண்டியே போகாது. அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் கேக் வண்டி ஆற்றைக் கடக்க முடியாது.

நரிமேட்டுக்காரி

பார்த்துவிட்டோம், இந்த வருடம் அழகர் மலைக்குத் திரும்பி ஒரு வாரம் கழித்துத்தான் கல்யாணம்.

முடிவைச் சொல்கிறேன். மூன்று அடுக்கு, மூன்றும் பிளம், ரம் இல்லாதது, முந்திரி மார்சிபான், ராயல் ஐசிங், சீனி மல்லிகை. முட்டையில்லாத கேக் இரண்டு கிலோ தனி மேஜையில். மற்றவர்களுக்குத் துண்டுப் பெட்டி. 1,400 சொன்னவரிடம்தான் கொடுத்திருக்கிறோம். கிளிசரின் கேள்வியைக் கேட்டேன். "அது விடாம எப்படிம்மா வெட்டுவீங்க" என்று திருப்பிக் கேட்டார். மண்டபத்தில் 3 மணிக்கே ஏசி போட ஒப்புக்கொண்டார்கள், அதற்குத் தனிக் கட்டணம் கட்டினோம்.

நரிமேட்டுக்காரி

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. வந்து சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

கேக் 5.15க்கு வந்தது, மூன்று பெட்டி. பையன் ஒருவன் முட்டுக்குச்சியை அளந்து நறுக்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். 7 மணிக்கு எங்கள் சபை ஐயர் ஜெபம் பண்ணினார். கத்தி நேராக இறங்கியது, ஒரு சில்லுகூடத் தெறிக்கவில்லை. சுற்றியிருந்த மல்லிகை அப்போதுதான் விரிந்துகொண்டிருந்தது.

அம்மாச்சிக்கு முதல் துண்டு. கொஞ்சமாகக் கிள்ளி வாயில் போட்டு, ரொம்ப நேரம் மென்றார். அப்புறம் மீதியைப் பட்டர் பேப்பரோடு மடித்து இடுப்புச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். "உங்க தாத்தாவும் நானும் வெட்டினது இப்படித்தான் இருந்துச்சு" என்றார். தாத்தா போய் 19 வருடமாகிறது.

மாஸ்டர் ஐயா, மேலடுக்கை வெட்டாமல் வைத்திருக்கிறோம். முதல் வருட நிறைவுக்கு எடுக்கலாம் என்கிறாள் தங்கை. தாங்குமா?

பழைய பேக்கரி மாஸ்டர்

ரொம்ப சந்தோஷம் அம்மா. ரம் இல்லாத கேக், வெளியிலோ பிரிட்ஜிலோ வைத்தால் வருடம் தாங்காது. ஐசிங்கை எடுத்துவிட்டு, பட்டர் பேப்பரில் ஒரு சுற்று, அதன்மேல் அலுமினியத் தாள் இரண்டு சுற்று, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். மீன், கறி பக்கத்தில் வேண்டாம், வாடை ஏறும். எடுக்கும்போது முந்தின நாள் ராத்திரியே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். சுற்றியதைப் பிரிக்காமல் காலையில் வெளியே வைத்து, குளிர் போன பிறகு பிரியுங்கள். பாட்டிக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.